கழனித் தண்ணீர் போகும் வழி

கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்குப் பஞ்சமில்லை என்பார்கள். பாதி உண்மை. சித்திரையிலும் ஐப்பசியிலும் கொட்டித் தீர்க்கும் வானம், தைப்பூசம் நெருங்கும்போது வாயை மூடிக்கொள்ளும். கடலோரக் களிமண் வெடிப்பு விடும். லயத்து வீட்டுக் கொல்லையை அப்போதுதான் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் கொல்லையும் பச்சைதான்.

எது எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். குளித்த தண்ணீர் வெளியே விழும் இடத்தில் வாழை. அதன் காலடிச் சேற்றில் சேம்பு. பைப்படியில் சொட்டுவதைக் குடித்துக்கொண்டு பொன்னாங்கண்ணி. பின்வாசல் படியோரம் கறிவேப்பிலை: அரிசி களைந்த கை, நின்ற இடத்திலிருந்தே கழனித் தண்ணீரை அதன் தூரில் கவிழ்த்துவிடும். அதற்கென்று தனி நடை கிடையாது. முருங்கை மட்டும் வேலியோரம், தண்ணீர் எட்டாத கடைசியில். ஈரம் தேங்கினால் அதற்கு வேர் அழுகிவிடும். வரைபடம் போட்டு யாரும் நட்டதில்லை. பிழைத்த செடியும் செத்த செடியுமாகச் சேர்ந்து எழுதிய வரிசை அது.

கத்தரிக்கும் வெண்டைக்கும் கொஞ்சம் செல்லம் அதிகம். ஆலையில் பழம் உதிர்த்துவிட்ட செம்பனைக் குலையைப் பிய்த்துத் தூரைச் சுற்றிப் போட்டிருப்பார்கள். மேலே மண் சுட்டாலும் நாருக்குள் விரலை விட்டால் குளிர்ச்சி. பொழுது சாய்ந்த பிறகு, கொட்டாங்கச்சியால், இலை நனையாமல் தூருக்கு மட்டும் தண்ணீர். அந்தக் கைப்பதம் ரப்பர் குழாய்க்கு வராது.

தகரக் கூரையும் சும்மா இருப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர்ப் பீப்பாய் நிறைந்துவிடும். மாசியில் தப்பி வரும் ஒரே ஒரு சாயங்கால மழை போதும். பீப்பாயின் வாயில் பழைய கொசுவலை. ஏடிஸ் புழு கண்ணில் பட்டால் சுகாதார அதிகாரி அபராதம் போடுவார். 1975-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. வலையைக் கட்டிய முடிச்சைப் பார்க்க வேண்டும்: ஒரு கையால் அவிழும். மற்றக் கையில் வாளி இருக்குமே!

கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் அனுப்பும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் சில இங்கே பெஸ்தாரி ஜெயா பக்கம்தான். 2014 வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது, கழனித் தண்ணீரைச் சேர்த்து வைக்கச் சொல்லி இந்தக் கொல்லைக்காரிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

லயங்கள் பல இடிந்துவிட்டன. தரை வீட்டுக்குக் குடிபோனவர்களுக்குக் கொல்லை என்பது நாலடிச் சிமெண்டுதான். அங்கே ஏர்கோன் தண்ணீர் சொட்டும் குழாய்க்கு நேர் கீழே ஒரு பண்டான் தொட்டி. அந்தத் தண்ணீரில் உப்பு கிடையாது. பண்டான் கொழுத்துத்தான் நிற்கிறது.