வாக்குச் சீட்டும் விவாகப் பதிவேடும்

இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை போராடாமலே கிடைத்த கொடை என்பார் உளர். கொடையாகப் பெற்றதாற்றான் அதன் அருமையைப் பெண்கள் உணரவில்லை எனவும் அவர் கூறுவர். இக்கூற்றின் முற்பகுதி வரலாற்றோடு பொருந்துவதன்று. பிற்பகுதியோ குறையைப் பெண்கள்மீது சுமத்துகின்றது.

1927 டிசம்பரிலே கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா முதலானோர் டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களிலே உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். மறுபுறத்தில், 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து நின்றார். பெண் கற்கலாம், ஆனால் தீர்மானிக்கலாகாது என்ற மனப்பாங்கு அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1928ஆம் ஆண்டின் அறிக்கை பெண்களுக்கு முப்பது வயதை எல்லையாகப் பரிந்துரைத்தது; 1931இல் அது இருபத்தொன்றாகக் குறைந்து ஆணுக்கு நிகராயிற்று.

எனினும் வாக்களிக்கும் உரிமை வேறு, அதிகாரத்தில் அமரும் வாய்ப்பு வேறு. 1931இல் அடலின் மொலமூரே தம் தந்தையின் மறைவால் வெற்றிடமான ஆசனத்தையே பெற்றார். 1932இல் நேசம் சரவணமுத்து தம் கணவர் இழந்த ஆசனத்துக்குத் தெரிவானார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், எமது திகாமடுல்ல மாவட்டத்திலே 2000ஆம் ஆண்டு பேரியல் அஷ்ரபும் கணவரை இழந்த பின்னரே தலைமைக்கு வந்தனர். இவர்களின் ஆற்றல் ஐயத்துக்குரியதன்று. ஆயின் ஓர் ஆணின் வெற்றிடமே பெண்ணின் வாயிலாக அமைவது சமத்துவமாகுமா? இவ்வகையில், உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்னர் அம்மன்றங்களில் பெண்கள் 2 வீதத்தினரும் இலர்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோரத்து முஸ்லிம் ஊர்களை நோக்குமிடத்து முரண்பாடு மேலும் தெளிவாகும். இங்கே குடி தாய்வழி வருவது. வீடு பெண்ணின் சீதனம். மணமகனே மணமகள் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். ஆயினும் அக்குடியின் சார்பிற் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்காயர் ஆணே. குடியைத் தருபவள் தாய். அதன் பெயராற் பேசுபவர் வேறொருவர்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இம்முரண்பாட்டை எழுத்தில் வகுத்தது. காதிப் பதவியை அது முஸ்லிம் ஆண்களுக்கே உரித்தாக்கியது. விவாகப் பதிவுக்கு மணமகளின் கையொப்பத்தை அது வேண்டவில்லை. வலியின் ஒப்பமே போதுமாயிற்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் விவாகத்தையும் காதியின் அனுமதியோடு பதியலாம் என்றது. நாட்டின் தலைவரைத் தெரியத் தன் கையாற் புள்ளடியிடும் பெண், தன் மணத்துக்குக் கையொப்பமிடத் தேவையில்லை என்பது எத்தகைய நீதி? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பால் காரணமான பாகுபாட்டை 12ஆம் உறுப்புரையில் விலக்கிவிட்டு, முன்னிருந்த சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என 16ஆம் உறுப்புரையிற் கூறியது.

இதனை மாற்றுதல் மார்க்கத்தில் தலையிடுதலாகும் என்பது எதிர்வாதம். சிறுபான்மையினரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. வெளியார் பகைமையோடு சீர்திருத்தம் பேசும்போது அவ்வச்சம் இயல்பே. ஆயினும் இச்சட்டம் பாராளுமன்றம் இயற்றிய ஒன்று. இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களிற் பெண் நீதிபதிகள் பல்லாண்டுகளாகக் கடமையாற்றுகின்றனர்; மலேசியா 2010இல் சரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்களை நியமித்தது. அங்கே மார்க்கம் அழிந்துவிடவில்லை. 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது உறுப்பினர் இரு பிரிவாக நின்றமை, இவ்விவாதம் சமூகத்தின் உள்ளேயே நிகழ்வது என்பதற்குச் சான்றாகும்.

வாக்கின் அருமையைப் பெண்கள் உணரவில்லை என்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை கேட்கப்படும் குரல், காதியின் முன்னும் பள்ளிவாசல் நிருவாகத்திலும் கேளாதொழியுமாயின், அக்குரலின் பெறுமதியை அவள் எங்ஙனம் அறிவாள்? 1931இல் தொடங்கியது முற்றுப்பெற, விவாகப் பதிவேட்டிலே மணமகளின் கையொப்பத்துக்கும் ஓரிடம் வேண்டும்.