மலைநாட்டுப் பாடல்களில் அறவுணர்வு

அறவுணர்வின் ஊற்று யாது என வினவுவோர் பெரும்பாலும் சாத்திரங்களையும் சட்டங்களையுமே புரட்டுவர். இவ்விரண்டின் துணையும் பெறாத மக்களிடத்து அதனைத் தேடினால் என்ன? சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) இவ்வினாவையே என்னுள் எழுப்பிற்று.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. சட்டத்தின் கண்ணுக்கு ஓடிப்போனவனே குற்றவாளி. பாடல்களிலோ கங்காணி கூண்டில் நிற்கிறான். இவற்றை வெறும் புலம்பல் என ஒதுக்குவோருடன் நான் உடன்படேன். முறையிட மன்றம் இல்லாதவர்கள் கொழுந்து மலையையே மன்றமாக்கிக்கொண்டனர்.

மனித இனத்தின் வழித்தோற்றம் பற்றி 1871இல் எழுதிய நூலில், டார்வின் அறவுணர்வின் வேரைச் சமூக இயல்பூக்கங்களிற் கண்டார். ஆதியில் அப்பரிவு தன் குலத்தின் எல்லையைக் கடக்கவில்லை என்றும் அவர் கருதினார். முதற்கூற்றை லயத்து வாழ்வுக்குப் பொருத்தி மகிழ்வோர் இரண்டாவதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கங்காணி அந்நியன் அல்லன். பலவேளைகளில் ஒரே ஊரான், சிலவேளைகளில் உறவினன். பாடல்களில் அவன்மேற் பொழியும் ஏச்சின் சூடு, உறவினனாயிருந்தும் உறவுக்கு மாறாக நடந்தமையால் எழுந்ததென்றே எனக்குப் படுகிறது. அதே உறவுதான் அவனுக்குக் கருவியுமாயிற்று. அவன் தந்த முன்பணம் கடன். அதைத் தீராது போதல் நன்றி மறத்தல். துண்டு முறை சட்டத்தின் பலத்தில் மாத்திரமன்றி இந்த நாணயவுணர்விலும் ஊன்றி நின்றது. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, மனிதர் தம் கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர்.

லயத்தில் வளர்ந்த எனக்கு இதனை எழுதுதல் எளிதன்று. பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. அடுத்த காம்பிராவிற் சாவு விழுந்தால் அடுப்பு மூட்டாத மக்களே, அடுத்த லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினர். நாட்டார் பாடலின் அறத்தைப் போற்றும் நம் கட்டுரையாளர்கள் இத்தயக்கத்தைப் பற்றி ஒரு வரியேனும் எழுதக் காணோம்.

1940 ஜனவரியில், சம்பள உயர்வு கோரி முல்லோயாத் தோட்டத்தில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். அங்குத் தொழிலாளரை ஒன்றுசேர்த்தது கங்காணியின் பேரேடு அன்று, தொழிற்சங்கம். உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டாத ஒருவனுக்காகவும் வேலையை நிறுத்தலாம் என்னும் எண்ணம் லயத்துக்குப் புதிது. பாடல்களைத் தொகுத்த வேலுப்பிள்ளையும் தொழிற்சங்கவாதியே என்பதை நினைவிற்கொண்டு அந்நூலை மீண்டும் படித்துக்கொண்டிருக்கிறேன்.