எஃகுக் குழாயும் காதலும்

மனிதர்கள் ஒருவரை ஒருவர் காதலிப்பதைப் பற்றி எழுதுகிறவனுக்கு வாசகனே பாதி ஒத்தாசை செய்துவிடுகிறான். எழுதாமல் விட்டதைத் தன் அநுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறான். ஜடப் பொருளின் மேல் காதல் கொண்டவன் பாடுதான் கஷ்டம். அவன் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், 'கிறுக்கு' என்று சொல்லி நாம் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ராபர்ட் பென் 2010-இல் வெளியிட்ட 'இட்ஸ் ஆல் அபௌட் த பைக்' என்ற புத்தகம் இந்தக் கஷ்டத்தைத் தானே தேடிக்கொள்கிறது. விஷயம் சின்னது. உலகத்தைச் சைக்கிளில் சுற்றி வந்த ஒருவர், தமக்கென்றே ஒரு சைக்கிள் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். அடுத்த வருஷம் பழைய மாடல் ஆகிவிடாத சைக்கிள். வயதான பிறகும் கூடவே வரக்கூடிய சைக்கிள். கைப்பிடிக்கு இத்தாலி, சக்கரத்துக்குக் கலிபோர்னியா, தோல் ஆசனத்துக்கு பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக் என்று அலைகிறார். பிரேமுக்காக அவர் போகும் இடம் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரில் உள்ள பிரயன் ரூர்க்கின் பட்டறை.

புத்தகத்தின் உயிர் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. அங்கே முதலில் அளவெடுக்கப்படுவது சைக்கிள் அல்ல, மனிதன். கால் எவ்வளவு, கை எவ்வளவு, முதுகு எவ்வளவு வளையும் என்று பார்த்த பிறகே குழாயில் ரம்பம் படும். குழாயும் சாதாரணக் குழாய் அல்ல. பற்றவைக்கும் முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுக்கப்பட்டது. ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் உரிமை பெற்ற யுக்தி அது. முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 மில்லிமீட்டர் என்பது இன்றும் சகஜமான கணக்கு. தட்டான் பொடி வைத்து ஊதுவது போலவே இங்கும் பொடி தடவி, பித்தளையையோ வெள்ளியையோ உருக்கி இணைப்புக்குள் ஓடவிடுகிறார்கள். சூடு அதிகமானால் மெல்லிய எஃகு கெட்டுப்போகும். குறைந்தால் பற்று ஓடாது.

இவ்வளவும் சரி. ஆனால் இதனால் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரிகிறது? 'நல்ல எஃகு உயிருள்ளது போல் துள்ளும்' என்பது இந்த ரஸிகர்களின் நெடுநாளைய நம்பிக்கை. 1996-இல் 'பைசிக்கிள் கைடு' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. அந்தோனியோ மொந்தோனிக்கோ என்ற இத்தாலியக் கைவினைஞரிடம் ஒரே அளவில் ஏழு பிரேம்கள் செய்து வாங்கியது. குழாய் மட்டும் மலிவானதிலிருந்து உயர்ந்தது வரை வெவ்வேறு. எது எதுவென்று சொல்லாமல் ஓட்டக் கொடுத்தபோது, தேர்ந்த ஓட்டக்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றே சொல்லலாம். ஏழும் நன்றாக ஓடின.

லண்டனில் ஹெட்சின்ஸ் கம்பெனி 1930-களில் பின்பக்கக் குழாய்களைப் பாம்பு போல் வளைத்துச் செய்தது. சாலை அதிர்ச்சியைத் தாங்கத்தான் என்று சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அமெச்சூர் பந்தயப் படங்களில் கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு அச்சிடுவது வழக்கம். பெயரை அழித்தாலும் வளைவை அழிக்க முடியாதல்லவா? பார்த்தவுடன் யார் கைவேலை என்று தெரிந்துவிடும்.

காதலர்கள் சொல்லும் காரணம் ஒன்று, உண்மைக் காரணம் வேறு என்பதற்கு இவை இரண்டும் போதும். பெயர் இல்லாமலே அடையாளம் தெரியும் கை ஒன்று. இன்னொரு மனிதன் சில நாட்கள் நம்மை மட்டும் மனத்தில் வைத்து வேலை செய்தான் என்ற திருப்தி ஒன்று. நம் உடம்புக்குச் செய்தது அடுத்தவனுக்கு அவ்வளவு பொருந்தாது. நாட்டிங்ஹாமில் உலகத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பிய ராலே தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. கையால் செய்யும் சிறிய பட்டறைகள் அதற்குப் பிறகும் பிழைத்திருந்ததற்கு வேகம் காரணமாக இருக்க முடியாது.

பென் இதை உணர்ந்திருக்கிறார். என் குறையெல்லாம், அவர் அந்தப் பட்டறையில் இன்னும் சிறிது நேரம் நின்றிருக்கலாம் என்பதுதான். உலகத்தில் எது உயர்ந்ததோ அதையெல்லாம் தேடிச் சேர்க்கும் பிற்பகுதி, கல்யாண வீட்டில் சீர்வரிசையைப் பரப்பிக் காட்டுவது போல் ஆகிவிடுகிறது. சரித்திரச் செய்திகள் சுவையானவைதான். ஆனால் பெண்ணைக் காணோமே என்று வாசகன் தேடுகிறான். பணம் கொடுத்து வாங்கக்கூடியதற்கும் ஒருவர் மனம் வைத்துச் செய்ததற்கும் உள்ள பேதத்தை அளவெடுக்கும் பக்கங்கள் காட்டிவிட்டன. அதற்குமேல் சாமான் பட்டியல் தேவையில்லை.

இருந்தாலும், சைக்கிள் ஏறத் தெரியாதவர்களும் படித்து ரஸிக்கக்கூடிய புத்தகம் இது. தன் காதலை நியாயப்படுத்த முயன்று, நடுவில் அதை மறந்து வெறுமே காதலிக்கத் தொடங்கிவிடும் இடங்களில் பென் நல்ல எழுத்தாளராகிவிடுகிறார்.