படிப்பினை சொல்லாத கதைகள்: சிறுவருக்கு எழுதிய டோல்ஸ்டோய்

தரம் ஏழுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் டோல்ஸ்டோயின் கதையொன்றைச் சொன்னேன். அச்சில் ஒரு பக்கமும் வராத கதை. தாய் பிளம்ஸ் பழங்கள் வாங்கித் தட்டில் வைக்கிறாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்தப் பழத்தை அதுவரை ருசித்தறியாத வான்யா சுற்றிச் சுற்றி வந்து மணந்து பார்க்கிறான். யாருமில்லாத நேரத்தில் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுகிறான். எண்ணிப் பார்த்த தாய் தகப்பனிடம் சொல்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் தகப்பன் விசாரிக்க, எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்கிறார்கள். வான்யாவும் முகம் சிவந்தபடி இல்லை என்கிறான். தின்றது சரியில்லைதான், ஆனால் கொட்டையை விழுங்கியவர் ஒரு நாளைக்குள் செத்துப்போவாரே, அதுதான் என் பயம் என்று தகப்பன் சொல்கிறார். வான்யா வெளிறிப்போய், கொட்டையை ஜன்னலால் எறிந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். வான்யா அழுகிறான். கதை அவ்வளவுதான்.

பழக்க தோஷத்தில் நான் கேட்டேன்: "இந்தக் கதையில நாம பெறும் படிப்பினை என்ன?" கைகள் உயர்ந்தன. பொய் சொல்லக் கூடாது, களவெடுக்கக் கூடாது. கதையைக் கேட்காமலே சொல்லியிருக்கக்கூடிய விடைகள். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் கை உயர்த்தாமலே கேட்டான்: "சேர், அவன் அழுதது பொய் சொன்னதுக்கா, எல்லாரும் சிரிச்சதுக்கா?"

எனக்கு விடை தெரியவில்லை. டோல்ஸ்டோயும் சொல்லி வைக்கவில்லை. மணி அடிக்கும்வரை பிள்ளைகள் அதையே வாதாடினார்கள். "வாப்பா சொன்னதும் பொய்தானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

இந்தக் கேள்விகளைக் கிளப்பியது எது? எழுத்தாளர் வாய் திறக்காமல் இருந்ததுதான் என்பது என் கருத்து. அந்த மௌனம் தற்செயலானதுமல்ல. டோல்ஸ்டோய் 1859இல் தமது கிராமமான யஸ்னயா பொல்யானாவில் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதுவோம் என்று ஆரம்பித்து, தாம் எழுதிய பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இப்படியல்ல, அப்படி என்று அவர்களே சொல்லத் தொடங்க, அவர் எழுதிக்கொண்டார். குடியானவப் பிள்ளைகள் எங்களிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாங்கள் அவர்களிடம் கற்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1862இல் ஒரு கட்டுரையும் எழுதினார். 'போரும் வாழ்வும்' நாவலை முடித்த பின்னர், 1872இல், 'அஸ்புக்கா' என்ற அரிச்சுவடியை வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்காக ஒன்றிரண்டு பந்திகளில் கதை எழுத இறங்கினார். அதைச் சில்லறை வேலையாக அவர் எண்ணவில்லை.

அந்த நூலில் வந்ததுதான் 'காக்கேசியக் கைதி'. முஸ்லிம் வாசகர்களான நாம் தனிக் கவனம் கொடுத்து வாசிக்க வேண்டிய கதை. ஷீலின் என்ற ரஷ்ய அதிகாரியை மலைவாழ் முஸ்லிம்கள் பிடித்து, மீட்புப் பணம் கேட்டுச் சிறைவைக்கிறார்கள். டோல்ஸ்டோய் அந்த மலைநாட்டில் படைச்சேவையில் இருந்தவர். 1853இல் அவரும் சாதோ என்ற செச்செனிய நண்பரும் எதிரிகளிடம் அகப்படாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். எனவே எதிரியை அரக்கனாக்கி ஒரு வீரக்கதை சொல்வது அவருக்கு மிக எளிது. அவர் அதைச் செய்யவில்லை.

ஷீலின் களிமண்ணில் ஒரு பொம்மை செய்கிறான். அவனைச் சிறைவைத்தவரின் மகள், பதின்மூன்று வயது தீனா, அதை எடுத்துக்கொள்கிறாள். பெரியவர் ஒருவர் அதை உடைத்துப்போட, அவன் இன்னொன்று செய்து கொடுக்கிறான். அடுத்த முறை அவள் தண்ணீருக்குப் பதில் பால் கொண்டுவருகிறாள். பின்னர், குழிக்குள் கிடக்கும் அவன் ஏறித் தப்ப நீண்ட கம்பொன்றை இறக்குகிறாள். கால் விலங்கின் பூட்டை உடைக்கக் கல்லால் அடித்துப் பார்க்கிறாள். அந்த மெலிந்த கைகளில் பலமில்லை. இனங்களுக்கிடையே அன்பு வேண்டும் என்று ஒரு வசனமும் கதையில் கிடையாது. பொம்மை, பால், கம்பு, கல். இவற்றைப் பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே கிராமத்தில் ஷீலினைக் கண்டாலே சீறும் ஒரு கிழவர் இருக்கிறார். அவருடைய ஏழு மக்களை ரஷ்யர்கள் கொன்றார்கள். எட்டாமவன் ரஷ்யர்களோடு சேர்ந்துவிட, அவனைத் தேடிப்போய்த் தாமே கொன்றார். அதன் பின் போரை விட்டு மக்கா சென்று வந்த ஹாஜியார் அவர். அவர் நல்லவரா, கெட்டவரா? டோல்ஸ்டோய் தீர்ப்பளிக்கவில்லை. ஊரில் நடக்கும் ஒரு ஜனாஸாவையும் கேலியோ பரிதாபமோ கலக்காமல் கைதியின் கண்ணால் காட்டிவிட்டு நகர்கிறார்.

எனக்கொரு குறையும் உண்டு. ரஷ்யப் படை அந்த மலைகளுக்கு ஏன் வந்தது என்று கதை கேட்கவேயில்லை. ஹாஜியாரின் வரலாறு மட்டும்தான் அதற்கான ஒரே தடயம். ஷீலின் தப்பிய பிறகு தீனாவுக்கு என்ன நடந்தது என்பதும் சொல்லப்படவில்லை. முதலாவது, பார்வை ரஷ்யப் பக்கத்தில் நிற்பதால் வந்த குறை. இரண்டாவதைக் குறையென்று சொல்ல மனம் வருவதில்லை. நான் இக்கதையை வாசித்துக்காட்டிய ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் முதலில் கேட்டது அதைத்தான்.

பிற்காலத்தில் 'கலை என்றால் என்ன?' நூலில் டோல்ஸ்டோய் தம் படைப்புகளையே தள்ளிவைத்தபோது, நல்ல கலை என்று இரண்டை மட்டும் விட்டுவைத்தார். ஒன்று இந்தக் கதை, மற்றது 'கடவுள் உண்மையை அறிவார், ஆனால் காத்திருப்பார்'. இரண்டுமே அரிச்சுவடிக்காக எழுதியவை. சிறுவர் இலக்கியத்தை எழுதிப் பழகும் களமாக எண்ணும் நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கதையென்றால் படிப்பினை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அதைத் தேடி எடுக்கும் வேலை பிள்ளையுடையது. அந்த வேலையை எழுத்தாளர் கடைசிப் பந்தியில் தாமே செய்து முடித்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது மனனம் மட்டும்தான். நம்மவர்களின் சிறுவர் கதைகள் பலவற்றில் உம்மாவின் சொல் கேளாத பையன் விழுந்து கால் முறிகிறான், கட்டிலில் கிடந்து திருந்துகிறான். வாசிக்கும் பிள்ளை முதல் பந்தியிலேயே காலை எண்ணத் தொடங்கிவிடுகிறது.

இதில் எனக்கும் பங்குண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். வாப்பா வெளிநாடு போன இரவில், அவருடைய சாரனை மடிக்காமல் கொடியிலேயே விட்டுவைத்த உம்மாவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதோடு கதை நின்றுவிட்டது. "முடிவு இல்லை, கருத்து தெளிவில்லை" என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். பரிசு பெற்ற கதை என்னவென்று இன்று எனக்கு ஞாபகமில்லை. கொடியில் கிடந்த அந்தச் சாரன் மட்டும் ஞாபகமிருக்கிறது.