கிழித்த ஏட்டுக்கு மாலை மரியாதை

2022 அக்டோபரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஒற்றைத் தாள் ஒன்று 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஃபிர்தௌசியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவை ஈரானிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகப் படங்களோடு எழுதிய சுவடியிலிருந்து பிரித்தெடுத்த தாள் அது. காணாமல்போன தன் குதிரை ரக்‌ஷை காவிய வீரன் ருஸ்தம் மீட்கும் காட்சி. இப்படி ஒரு தாள் விலைபோகும்போதெல்லாம் பாரசீகக் கலைக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாகச் சிலர் பூரித்துப்போகிறார்கள். கூடவே அந்தப் பழைய சமாதானமும் வந்துவிடும்: நூலாகவே மூடிக் கிடந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? பிரித்ததால்தானே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது?

இதில் உண்மை இல்லாமல் இல்லை. தப்ரீஸில் உருவான இந்நூலை 1568இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்குப் பரிசாக அனுப்பினார் தஹ்மாஸ்ப். அதன்பின் சில நூற்றாண்டுகள் அரண்மனைக்கு வெளியே அதைக் கண்டவர் அரிது. இன்று நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் அதன் தாள்களைச் சாமானியரும் காணலாம். அருங்காட்சியகங்கள் அவற்றை நன்றாகவே பேணுகின்றன.

ஆனால் பலர் பார்ப்பதற்கு நூலை வெட்டத்தான் வேண்டுமா? 258 ஓவியங்களையும் ஒரே தொகுதியாக 2011இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அச்சிட்டது. அச்சில் முடிகிற காரியத்துக்கு மூலத்தை ஏன் பலி கொடுக்க வேண்டும்?

அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆர்தர் ஹௌட்டன் 1959இல் வாங்கியபோது 759 தாள்களோடு அது முழு நூல். அதை அவர் பிரித்தார். 1970இல் 78 ஓவியங்கள் மெட்ரோபாலிட்டனுக்குப் போயின. அந்த நிறுவனத்தின் அறங்காவலர் குழுவுக்கே தலைமை வகித்தவர் அவர். 1976இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் தாள்களின் விற்பனை தொடங்கியது. எஞ்சிய 118 ஓவியங்களும் எழுத்துத் தாள்களும் மேலட்டையும் 1994இல் வியன்னா விமான நிலையத்தில் ஈரானிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓவியர் டி கூனிங்கின் 'பெண் 3' என்ற ஓவியத்தைப் பதிலுக்குக் கொடுத்துத்தான் ஈரான் தன் காவியத்தின் மிச்சத்தை வாங்கிக்கொண்டது.

இழந்தது என்ன என்பதை ஒரு தாளிலேயே காட்டலாம். ஓவியர் சுல்தான் முகம்மது தீட்டிய 'கயூமர்ஸின் அரசவை' இப்போது டொராண்டோ ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையுச்சியில் முதல் அரசன். சுற்றிலும் சிறுத்தைத் தோல் உடுத்த மக்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பாறைகள் கட்டத்தை மீறி ஓரத்தில் வழிகின்றன. உற்றுப் பார்த்தால் பாறைக்குள் முகங்கள் ஒளிந்திருக்கும். சுவரில் மாட்டியதைப் பார்ப்பவருக்கு இது ஒரு சொர்க்கம். நூலைப் புரட்டியவருக்கு அப்படி இருந்திருக்காது. அங்கே அமர்ந்திருக்கும் இளவரசன் சியாமக் சீக்கிரமே கரிய அரக்கனின் கையால் மடியப்போகிறான் என்பதைக் கதை அறிந்தவர் மறக்க முடியாது. தந்தையின் பார்வையில் தேங்கிய கவலைக்குக் காரணம் அடுத்த தாள்களில் இருந்தது. அந்தத் தாள்களை உருவிவிட்டு, மிஞ்சியதன் அழகைச் சிலாகிக்கிறோம்.

பாரசீகச் சுவடிக்காரர்கள் படத்தை நினைத்த இடத்தில் ஒட்டவில்லை. எந்த ஈரடி முடிந்ததும் படம் தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கணக்கு. அந்த அடி சரியான இடத்தில் வந்து விழுவதற்காக, முந்தைய பக்கத்தில் வரிகளைச் சாய்த்து எழுதி இடத்தை நிரப்புவதும் உண்டு. படமே இல்லாத எழுத்துப் பக்கமும் படத்துக்காகத்தான் உழைத்தது. தஹ்மாஸ்பின் நூலில் மூன்றில் இரண்டு பங்குத் தாள்கள் வெறும் எழுத்து. சந்தை அவற்றைப் பொதி காகிதம் போல் ஒதுக்கியது. ஓவியனைவிட எழுத்துக்கலைஞனை உயர்வாக மதித்த ஒரு பண்பாட்டுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு எது?

இப்படி நூலைப் பிரித்து விற்பதற்கு முன்னோடி பாரிஸ் வணிகர் ஜார்ஜ் தெமோத். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மங்கோலியர் காலத்து ஷாநாமா ஒன்றைக் கூறுபோட்டார். இருபுறமும் படமிருந்த தாள்களை நடுவே இரண்டாகப் பிளந்து, வேறு தாள்களில் ஒட்டி விற்றார். இன்று சில படங்களுக்கு அருகே இருப்பது அந்தக் கதையின் வரிகளே அல்ல. தெமோத்தைத் திட்டுவது எளிது; எல்லாரும் திட்டுகிறார்கள். ஹௌட்டனைச் சேகரிப்பாளர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ஒருவர் தாளைப் பிளந்தார், மற்றவர் நூலைப் பிரித்தார். எனக்கு இருவரும் ஒரே தொழில்காரர்கள்தான்.

எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற வாதமும் பாதிதான் செல்லும். வெளிச்சம் பட்டால் வண்ணம் கெடும் என்பதால் இந்தத் தாள்களைச் சில மாதங்களுக்கு மேல் காட்சியில் வைப்பதில்லை. பெரும்பாலான காலம் அவை இருட்டறையில்தான் கிடக்கின்றன. நூற்றாண்டுகள் தாண்டியும் வண்ணம் பளபளப்பதற்கே காரணம், அவை மூடிய நூலுக்குள் பத்திரமாக இருந்ததுதான்.

வெட்டியதை இனி ஒட்ட முடியாது. ஆனால் பிரித்த தாளை ஏலத்தில் வாங்குவதை அருங்காட்சியகங்கள் நிறுத்தலாம். மாட்டியிருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் அதன் மறுபக்கத்தையும், முன்னும் பின்னும் இருந்த தாள்களின் படங்களையும், அவை இப்போது எந்த நாட்டில் இருக்கின்றன என்பதையும் வைக்கலாம். அதைச் செய்யாதவரை, அங்கே தொங்குவது வாங்கியவரின் பெருமையே தவிர ஃபிர்தௌசியின் காவியம் அல்ல.