சுற்றுமடல் தொடாத உணவுத்தட்டு

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வழங்கிய 'லௌதாத்தோ சி' (இறைவா, உமக்கே புகழ்) என்னும் சுற்றுமடல், நம் பங்குகளில் பெரிதும் பாராட்டப்பட்டு, சிறிதளவே படிக்கப்பட்ட ஏடு எனலாம். அதன் பெயரால் மரக்கன்றுகள் நட்டோம். நெகிழிப் பைகளை விலக்கினோம். நன்றே. ஆயினும் அம்மடலை முழுவதும் படித்து முடிப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சவே செய்யும். நாம் உண்ணும் இறைச்சியைப் பற்றி இம்மடல் ஏன் வாய் திறக்கவில்லை?

குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுவதே முறை. மண்ணுலகை ஆளும்படி மனிதனுக்கு விடுக்கப்பட்ட தொடக்க நூல் கட்டளையை, அழித்தாளும் உரிமை என்று பொருள் கொண்டது பிழை என மடல் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. விழுந்து கிடக்கும் கழுதையைத் தூக்கிவிடுதல், குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையை விட்டுவிடுதல், ஓய்வுநாளில் மாட்டுக்கும் ஓய்வளித்தல் ஆகிய பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளை 68-ஆம் எண் ஒருங்கே எடுத்தாள்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்னும் மறைக்கல்வி நூலின் போதனையை 130-ஆம் எண் நினைவூட்டுகிறது. அடித்தளம் உறுதியானதே.

கட்டடம்தான் பாதியில் நின்றுவிடுகிறது. 211-ஆம் எண்ணில் இறைமக்கள் அன்றாடம் கைக்கொள்ளத்தக்க பழக்கங்களின் பட்டியல் ஒன்று உள்ளது. நெகிழியையும் தாளையும் குறைத்தல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல், குப்பையைத் தரம் பிரித்தல், உண்ணுமளவே சமைத்தல், பேருந்திலோ பிறரோடு ஒரே வண்டியிலோ செல்லுதல், மரம் நடுதல், வேண்டாத விளக்கை அணைத்தல் என அது நீள்கிறது. பிற உயிர்கள்மீது அக்கறை காட்டுதலும் அதில் உண்டு. அவ்வுயிர்கள் நம் தட்டில் வந்து சேரும் வழி மட்டும் அங்கே இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மனிதச் செயல்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையினின்று வருகிறது. அசைபோடும் மாடு வெளிவிடும் மீத்தேனும், தீவனத்திற்காகவும் மேய்ச்சலுக்காகவும் அழியும் காடும் இதில் அடங்கும். அமேசான் காட்டின் அழிவுக்காக மடல் வருந்துகிறது. அழிந்த நிலத்தில் பெரும்பகுதி மாட்டுப் பண்ணையாகிறது என்பதை உரைக்கவில்லை. மாட்டிறைச்சிக்குப் பேர்போன அர்ஜென்டினாவில் பிறந்த திருத்தந்தைக்கு இது தெரியாததன்று.

அமேசான் நமக்குத் தொலைவு, நாமக்கல் தொலைவன்று. அங்கே முட்டைக்கோழி தன் வாழ்நாளைக் கம்பிக் கூண்டில் கழிக்கிறது. அதற்குக் கிடைக்கும் இடம் நாம் கடிதம் எழுதும் தாள் ஒன்றின் பரப்பளவுகூட இராது. சிறகை விரிக்க இயலாது. முட்டையிடாச் சேவற்குஞ்சு பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழி ஆறே வாரத்தில் இரண்டு கிலோ எடையைத் தொடுமாறு வளர்க்கப்படுகிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்தைச் சேர்ந்தவை; கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. கோழியும் அவருடையதன்று, அவருக்குக் கிலோவுக்கு இத்தனை என வளர்ப்புக் கூலி மட்டுமே. நெருக்கத்தில் நோய் பரவாதிருக்க மருந்து வேண்டும். மருந்தால் தீவிர நோயாளிகளின் உயிரே ஆபத்துக்குள்ளாகும். கடைசிப் புகலாக மருத்துவர் நாடும் கொலிஸ்டின் என்னும் நோயெதிர் மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குத் தருவதை நடுவணரசு 2019-இல் தடை செய்ய நேர்ந்தது இதனாற்றான்.

இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் விற்கப்பட்டதை ஆண்டவர் குறிப்பிடும் லூக்கா நற்செய்திப் பகுதியை 96-ஆம் எண் எடுத்தாள்கிறது. கடவுளின் பரிவுக்கு அதைச் சான்றாகவும் காட்டுகிறது. ஆனால் அக்குருவிகள் எதற்காக விற்கப்பட்டன? ஏழைகளின் உணவாக. மத்தேயு நற்செய்தியிலோ ஒரு காசுக்கு இரண்டு. அக்கணக்குப்படி ஐந்தாவது குருவி இலவசம். விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் கடவுள் மறப்பதில்லை என்பதே ஆண்டவர் சொல்லின் கூர்மை. மடல் பரிவைக் கண்டது, விலையைக் காணவில்லை. இறைச்சியின் மலிவே இன்றைய பண்ணைக் கொடுமையின் வேர் என்பதால், இது சிறிய விடுபடல் அன்று.

ஒன்றை ஈண்டுத் தெளிவாக்க வேண்டும். நம் நாட்டில் புலால் மறுப்பு, சாதித் தூய்மையின் அடையாளமாக நின்று எளியோரை இழிவுபடுத்தியுள்ளது. இன்றும் மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர் தாக்கப்படுகின்றனர். அந்தத் தூய்மைவாதத்தைப் பேதுரு யோப்பாவில் கண்ட காட்சியே நமக்கு மறுத்துவிட்டது. கைம்பெண் ஒருத்தி அறுவடை நிலத்தில் மேய்த்து, மகள் திருமணத்திற்கு விற்கும் வெள்ளாட்டையும், கொட்டகைக் கோழியையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. திருவிழா அசனத்தின் ஆட்டுக்கறியைப் பற்றியும் எனக்கு வழக்கில்லை. ஆண்டுக்கொருமுறை ஊரே ஒரே பந்தியில் அமரும் உணவு அது. என் வழக்கு, காரணமே இன்றி நாள்தோறும் உண்ணும் நம் நடுத்தரக் குடும்பங்களின் மீதுதான். என் வீடும் அதில் அடக்கம்.

இதற்குப் புதிய கட்டளை எதுவும் தேவைப்படவில்லை என்பதே மடலின் மௌனத்தை மேலும் வியப்புக்குரியதாக்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்தல் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1251-ஆம் விதியாக இன்றும் நிற்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011-இல் இக்கடமையை மீண்டும் நடைமுறைப்படுத்தினர். அங்குள்ள கத்தோலிக்கருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே தம் உணவுப் பழக்கத்தை மாற்றினர். அதனாலேயே ஆண்டுக்கு 55,000 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு குறைந்ததாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் மதிப்பிட்டனர். தவக்காலப் பழக்கமெனக் கருதி நாம் ஓரங்கட்டிய ஒன்றை 211-ஆம் எண்ணில் சேர்க்க ஒரு வரி போதுமாயிருந்தது. சேர்த்திருந்தால் வெள்ளிதோறும் ஆட்டுக்கறிக்கு மாற்றாக வஞ்சிரமீன் வறுவலைத் தேடி ஓடும் நம் வழக்கத்தையும் பங்குத் தந்தையர் கேள்விக்குள்ளாக்கியிருப்பர். விசைப்படகுகள் அரித்தெடுக்கும் கடலைப் பற்றி நெய்தல் மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.