லைன் வீட்டின் வெப்பநிலை

பாதுகாப்பான, ஆற்றலைச் சிக்கனப்படுத்தும், சூழலுக்குக் கேடு செய்யாத கட்டடங்கள் குறித்த ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள்? சுவரின் தடிமன், கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, சன்னலின் பரப்பு எல்லாம் அங்கே இருக்கும். அடுப்பு மூட்டுகிறவள் இருக்கமாட்டாள். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவள் இல்லாதது தற்செயல் அல்ல என்பது புலப்படும்.

'வசதியான வெப்பநிலை' என்ற கருத்திலிருந்தே தொடங்கலாம். டென்மார்க் பொறியியலாளர் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூல்தான் இத்துறையின் அடித்தளம். காற்றின் வெப்பம், ஈரப்பதம், உடை, உடல் உண்டாக்கும் வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு மனிதருக்கு எது இதமானது என்று கணக்கிட அவர் வழி சொன்னார். இந்த வழியைப் பின்பற்றிய தரநிலைகளில் 'உடல் உண்டாக்கும் வெப்பம்' என்ற மதிப்பு ஒரு சராசரி ஆணை வைத்துக் குறிக்கப்பட்டது. 2015இல் நெதர்லாந்தின் போரிஸ் கிங்மாவும் அவருடைய சக ஆய்வாளரும் பெண்களின் உடலை நேரடியாக அளந்து பார்த்தார்கள். அந்த மதிப்பு பெண்ணின் உடல் வெப்பத்தை 35 சதவீதம் வரை மிகைப்படுத்தக்கூடும் என்று எழுதினார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் பேச்சு முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் சால்வை போர்த்திக்கொள்ளும் பெண்ணைப் பற்றியதாகவே நின்றுவிட்டது. ஆண் உடலை அளவுகோலாக்கியதை விமர்சித்தவர்களும் அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை. இந்தியாவுக்கென்று 2014இல் உருவாக்கப்பட்ட வெப்ப வசதி மாதிரி மேற்கத்திய அளவுகோலை அப்படியே ஏற்காதது பாராட்டுக்குரியது. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டுத் தயாரித்தது அது. கேட்ட இடம் எது? அலுவலகக் கட்டடங்கள். எட்டு மணி நேரம் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துவிட்டு, நனைந்த துணியோடு வீடு திரும்புகிற உடலுக்கு எது இதமான வெப்பம் என்று அந்த அட்டவணைகள் சொல்வதில்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. டிசம்பர், சனவரியில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். குளிர்காலம் உள்ள நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. வெள்ளைக்காரத் துரைகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு உண்டு. அதற்குப் புகைபோக்கி உண்டு. அதே மலையில் அதே குளிரில் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீடு வேறுமாதிரி. நீண்ட கட்டடம் ஒன்றைக் குறுக்குச் சுவர்களால் பிரித்து, மேலே தகரம் போட்டு, குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று கொடுத்தார்கள். கணப்பு வேண்டிய உடல் எது, வேண்டாத உடல் எது என்ற தீர்ப்பு அந்த வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தத் தீர்ப்பு முழுமையாகப் புரியும்.

நான் வளர்ந்தது அப்படியொரு லைன் வீட்டில். விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கத்திலிருந்து போர்வைமேல் நீர் சொட்டும். மழை பெய்யாத இரவிலும் சொட்டும். வெறும் தகரம் இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. வீட்டுக்குள் இருப்பவர்களின் மூச்சும் சமையலின் ஆவியும் அதில் பட்டு நீராகிவிடுகின்றன. அம்மா அதை 'கூரை அழுவுது' என்பாள். தகரத்துக்குக் கீழே ஓர் உள்கூரையும், இடையில் வெப்பத்தைத் தடுக்கும் ஏதாவது ஒரு அடுக்கும் இருந்தால் பெருமளவு தீரக்கூடிய சிக்கல் இது. குடியிருப்புகளுக்காக 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் தேசிய விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவுக்கு 1.2 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உள்கூரை இல்லாத தகரத்துக்கு அந்த எண் ஐந்துக்கும் மேல். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் கட்டடங்களை நினைத்து எழுதப்பட்டது. நகரத்து அடுக்ககங்களே அதன் கண்முன் இருந்தன. பழைய லைனைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இனி அடுப்புக்கு வருவோம். இந்தியாவில் புகையில்லா அடுப்புக்கான முயற்சிகள் பழையவை. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி 1953இலேயே நூல் எழுதினார். எண்பதுகளில் மேம்படுத்திய அடுப்புக்கென்று தேசியத் திட்டம் வந்தது. 2016இல் உஜ்வலா எரிவாயு இணைப்பு வந்தது. எல்லாமே பெண்ணின் நுரையீரலைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்டவை. நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடுப்பு என்றால் சமைக்கும் கருவி என்ற ஒரே வரையறையில் அவை நின்றுவிட்டன. மலையில் விறகடுப்பு என்பது சமையல் மட்டுமல்ல. பிள்ளைகள் குளிர்காய்கிற இடமும், பள்ளிச் சீருடையும் ஈர விறகும் காய்கிற இடமும், குளிக்க வெந்நீர் கிடைக்கிற இடமும் அதுதான். எரிவாயு அடுப்பு சோற்றை வேகவைக்கும், வீட்டைச் சூடாக்காது. ஆகவே சிலிண்டர் வந்த வீட்டிலும் விறகடுப்பு எரிகிறது. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தால் புகை. புகைக்கு அஞ்சித் திறந்தால் குளிர். 'விழிப்புணர்வு இல்லை' என்று அதிகாரிகள் எழுதிவைக்கும் பெண், தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் விறகு பொறுக்கப் போகிற வழியில் நிற்கும் காட்டெருமையும் கரடியும்கூட உண்டு.

வீட்டைப் பற்றிய சட்டத்தையும் இதே கண்ணோடு வாசிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. பெரிய உரிமைதான். ஆனால் அதில் 'குடும்பம்' யார்? ஆண் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோர் குடும்பத்தில் சேர்வார்கள். பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோர் சேரமாட்டார்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் ஒரு தொழிலில் இந்த வேறுபாடு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அறுபது ஆண்டுகளாகச் சம்பாதித்தவள் அவள். குடும்பம் மட்டும் அவனுடையது.

இதே சட்டத்தில் 1981இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால், காயப்பட்டால், நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும். இப்படியொரு பிரிவு தேவைப்பட்டது என்பதே அந்த வீடுகளின் நிலைக்குச் சாட்சி. ஆனால் இயற்கைப் பேரிடரால் மட்டுமே இடிந்தது என்றால் பொறுப்பு இல்லை என்று ஒரு வாசலும் திறந்துவைக்கப்பட்டது. நீலகிரியில் அந்த வாசல் மிக அகலமானது. 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் சரிவை வெட்டி, வடிகாலை அடைத்து, தடுப்புச் சுவர் இல்லாமல் வீடு எழுப்பிவிட்டு, விழுந்த பிறகு 'இயற்கை' என்று எழுதுவது மனிதச் செயல்.

2024 பிப்ரவரி 7 அன்று லவ்டேலை அடுத்த காந்தி நகரில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்தது. மேலிருந்த பழைய பொதுக் கழிப்பறைக் கட்டடமும் சேர்ந்து விழுந்தது. இறந்த ஆறு பேரும் கூலிக்கு மண் வேலைக்கு வந்த பெண்கள். கட்டடப் பாதுகாப்பு ஆய்வு என்றால் கட்டி முடித்த பின் உள்ளே குடியிருப்பவரின் பாதுகாப்பு என்றுதான் நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. அடித்தளக் குழிக்குள் குனிந்து நிற்கிற பெண்ணிடமிருந்து அந்தப் பாதுகாப்பு தொடங்க வேண்டாமா?

இதற்கெல்லாம் மாற்றாகச் சிலர் மரபைக் கைகாட்டுவார்கள். தோதவர்களின் வளைகூரை வீடு உண்மையிலேயே அறிவார்ந்த கட்டடம். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு, தவழ்ந்து நுழையும் சிறு வாசலோடு, குளிரை வெளியே நிறுத்துகிறது. ஆனால் அதே வடிவில் எழும் பால்மனைக் கோயிலுக்குள் பெண் நுழைய முடியாது. மரபு வெப்பத்தைக் காத்தது, விலக்கையும் காத்தது. முதலாவதைக் கற்றுக்கொள்ளலாம், இரண்டாவதைப் பார்க்காததுபோல் எழுத வேண்டியதில்லை.

கட்டட ஆய்வு வேண்டாம் என்பதல்ல என் வாதம். நமக்கு அது மிகவும் வேண்டும். உள்கூரையும் புகைபோக்கியும், சூடும் தந்து புகையும் வெளியேற்றும் அடுப்பும், வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும், சரிவைத் தாங்கும் சுவரும் எவரெஸ்ட் ஏறும் தொழில்நுட்பங்கள் அல்ல. இவற்றை முதலில் எங்கே போடுவது என்பது அறிவியல் கேள்வி மட்டுமல்ல, யாரை மனிதராக எண்ணுகிறோம் என்ற கேள்வியும்கூட. இந்தத் துறையில் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். வெப்பமானியை எடுத்துக்கொண்டு சனவரி மாதத்து விடியற்காலையில் ஒரு லைன் வீட்டுக்குப் போங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன், அடுப்பருகே இருப்பவளிடம் எங்கே மாட்டலாம் என்று கேளுங்கள். வீட்டில் எந்த மூலை எப்போது குளிரும் என்பது அவளுக்குத் தெரியும். ஓய்வுபெறும் நாளில் அந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டியவளும் அவள்தான் என்பதையும் உங்கள் ஆய்வேட்டில் ஓர் அளவீடாகக் குறித்துக்கொள்ளுங்கள்.